சின்ன சி.என்.சி. மில்லும் அதற்கான கரண்ட் ஏற்பாடும்: சில வருட அனுபவம்

சி.என்.சி. மில், அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி உலோகத்தைச் செதுக்கும் மெஷின், வாங்கலாமா என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், "பட்டறைக்கு சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? மீட்டரில் இருந்து வரும் ஒயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்?" என்றுதான் ஆரம்பிப்பேன். வந்தவருக்குக் கொஞ்சம் சப்பென்று போய்விடும். அவர் மேஜை அளவு, ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுற்றும் மோட்டார்) வேகம், பால் ஸ்க்ரூவின் (அச்சை நகர்த்தும் திருகு) தரம் என்று பேசத் தயாராக வந்திருப்பார். ஆனால் சின்ன மெஷினில் பட்ஜெட்டைத் தூக்கிச் சாப்பிடுவது மாதாமாதம் வரும் கரண்ட் பில் அல்ல, அந்தக் கரண்டை மெஷின் வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுவரும் ஏற்பாடு. விலைப்பட்டியலில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

என் பட்டறை கோவை கணபதி பக்கம், வீட்டை ஒட்டிய ஷெட். மெஷின் 600க்கு 400 மில்லிமீட்டர் வெட்டும் பரப்பு, வார்ப்பிரும்பு பாடி, தண்ணீரில் குளிரும் 2.2 கிலோவாட் ஸ்பிண்டில். அலுமினியத் தகடு, பித்தளை, டெல்ரின் பிளாஸ்டிக், அக்ரிலிக் இவைதான் பெரும்பாலும். ஸ்பின்னிங் மில் உதிரிபாகம், ஜிக் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சட்டம்), பெயர்ப்பலகை என்று ஜாப் ஒர்க் வருகிறது. சில வருடமாக ஓடுகிறது, திருப்திதான்.

2.2 கிலோவாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட பத்து ஆம்பியர் வரும். "ஏ.சி. போடுகிற 16 ஆம்பியர் பிளக் போதும் சார்" என்று விற்பவர்கள் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். அதைக் கேட்டுவிட்டு, ஸ்பிண்டில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. டிரைவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தேன். இன்புட் 24 ஆம்பியர் என்று போட்டிருந்தது. காரணம் இதுதான்: வி.எஃப்.டி. டிரைவ் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி கெப்பாசிட்டரில் நிரப்பிக்கொள்ளும். அலையின் உச்சியில் மட்டும் குபுக்கென்று கரண்டை இழுக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும். அதனால் சிங்கிள் ஃபேஸில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உருப்படியாக வேலைக்குப் போகும் பங்கு) 0.65 அளவில்தான் நிற்கும். மோட்டார், டிரைவ் இரண்டின் நஷ்டத்தையும் சேர்த்தால் முழு லோடில் 18 ஆம்பியர் சாதாரணமாக வந்துவிடும். 16 ஆம்பியர் சாக்கெட் உடனே எரியாது. மாதக்கணக்கில் சூடாகி, ஓட்டை ஓரம் பழுப்பேறி, ஒருநாள் பிளக்கோடு சேர்ந்து உருகி ஒட்டிக்கொள்ளும். நான் பிளக்கே வைக்கவில்லை. டி.பி. பாக்ஸில் (கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர், 32 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), சுவரில் லைனை மொத்தமாகத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர். இன்றுவரை அந்த ஒயர் கைக்குச் சூடாகத் தெரிந்ததில்லை.

அடுத்த கேள்வி, த்ரீ ஃபேஸ் இருக்கிறதே, த்ரீ ஃபேஸ் டிரைவே வாங்கிவிடலாமா? மின்சாரப் பக்கம் அதுதான் சுத்தம். இதே 2.2 கிலோவாட்டுக்கு ஒரு ஃபேஸுக்கு ஆறேழு ஆம்பியர்தான் போகும், ஒயரும் மெலிதாகப் போதும். ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே ஸ்பிண்டிலும் 380 வோல்ட் வைண்டிங்கில் வருகிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 220 வோல்ட் ஸ்பிண்டிலை 415 வோல்ட் டிரைவில் மாட்டினால் கதை அங்கேயே முடிந்தது. அதேபோல டிரைவில் பேஸ் ஃப்ரீக்வென்சி (முழு வோல்ட்டேஜையும் கொடுக்கும் அலைவேகம்) தொழிற்சாலையில் இருந்து 50 ஹெர்ட்ஸில் வரும். இந்த ஸ்பிண்டில்களுக்கு 400 ஹெர்ட்ஸ் வேண்டும். அதை மாற்றாமல் ஸ்டார்ட் கொடுத்தால் குறைந்த வேகத்திலேயே முழு வோல்ட்டேஜும் ஏறி வைண்டிங் புகைந்துவிடும். கையேட்டில் இருக்கும் அந்த நாலைந்து பாராமீட்டரைப் போட்டுவிட்டு, வாட்டர் பம்ப் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

நான் த்ரீ ஃபேஸ் கனெக்ஷன் வாங்கிவிட்டு, மெஷினை மட்டும் சிங்கிள் ஃபேஸிலேயே வைத்திருக்கிறேன். கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். எங்கள் ஏரியாவில் ஒரு ஃபேஸ் போவதும் இன்னொன்று தொங்குவதும் சகஜம். வீடுகளில் வைக்கும் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் ஒன்றை மெஷின் லைனிலும் வைத்துவிட்டேன். காலையில் மூன்றையும் மீட்டரில் பார்த்து, நன்றாக வரும் ஃபேஸில் போட்டுக்கொள்வேன். ஓடும்போது மட்டும் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. கம்ப்ரசர் எப்போதும் வேறு ஃபேஸில். 2 எச்.பி. கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கமான கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒரே ஃபேஸில் இரண்டும் இருந்தால் ஸ்பிண்டில் சத்தம் இறங்கி ஏறுவது காதுக்கே கேட்கும், அலுமினியத்தின் மேல் அந்த இடம் கோடாகத் தெரியும்.

மீட்டர் விஷயம். வீட்டு இணைப்பில் தொழில் மெஷினை ஓட்டாதீர்கள். மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவுப்படி, ஒரு தேவைக்கு வாங்கிய மின்சாரத்தை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுத் தீட்டலாம், பழைய மாதங்களுக்கும் சேர்த்து. குறுந்தொழிலுக்கு 12 கிலோவாட் வரை 3-ஏ-1 என்று தனி டாரிஃப் இருக்கிறது. சின்ன மில், கம்ப்ரசர், ஒரு பெஞ்ச் டிரில், லைட் எல்லாம் அதற்குள் தாராளமாக அடங்கும். நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருவதால், பின்னால் தேவைப்படும் என்று லோடை அள்ளி எழுதவும் வேண்டாம்.

ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், ட்ரிப் ஆகிறது என்ற புகார் இந்த மெஷின் வைத்திருக்கும் எல்லோரிடமும் உண்டு. டிரைவில் உள்ள ஃபில்டர், இயல்பாகவே கொஞ்சம் கரண்டை எர்த்துக்கு விடும். வீட்டு விளக்கு, ஃபிரிட்ஜ், மெஷின் எல்லாம் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் இருந்தால் அடிக்கடி விழத்தான் செய்யும். இதற்குச் சில எலக்ட்ரீசியன்கள் காட்டும் வழி, எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது! ட்ரிப் நின்றுவிடும், சரி. கூலன்ட் சொட்டும் இரும்பு மெஷினில் கை வைப்பது யார்? மெஷினுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போடுங்கள். டிரைவுக்கு எந்த வகை பொருந்தும் என்று கையேட்டிலேயே இருக்கும், சாதாரண ஏ.சி. வகை ஒத்துவராது. தனி எர்த் குழியும் எடுங்கள். எனக்கு அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. ஷீல்டு கேபிளும் நல்ல எர்த்தும் வந்த பிறகு லிமிட் சுவிட்ச் (அச்சு எல்லையைத் தொட்டால் மெஷினை நிறுத்துவது) காரணமில்லாமல் அடித்து மெஷின் பாதியில் நிற்பது நின்றுபோனது.

ஸ்டெபிலைசர் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. 5 கே.வி.ஏ. சர்வோ ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறேன், சாயங்காலம் மெதுவாக இறங்கும் வோல்ட்டேஜுக்கு அது நன்றாக வேலை செய்கிறது. பக்கத்து ஷெட்டில் வெல்டிங் வைக்கும்போது வரும் திடீர் சரிவுக்கு அதால் பிரயோஜனம் இல்லை. உள்ளே மோட்டார் சுற்றித்தான் வோல்ட்டேஜை ஏற்ற வேண்டும், அதற்குள் சரிவு வந்து போயிருக்கும். உங்கள் பிரச்சினை எந்த வகை என்று ஒரு வாரம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கரண்ட் கட். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பேப்பரில் போடுவார்கள், அன்றைக்கு நீண்ட வேலை வைக்காமல் இருந்தால் போதும். சொல்லாமல் போகும் கரண்ட்தான் தொல்லை. எல்லோரும் செய்வது, கன்ட்ரோலருக்கும் கம்ப்யூட்டருக்கும் யு.பி.எஸ். வைப்பது. யோசித்துப் பாருங்கள்: கரண்ட் போனதும் ஸ்பிண்டில் நின்றுவிடும். யு.பி.எஸ்.ஸில் இருக்கும் கன்ட்ரோலரும் அச்சு மோட்டார்களும் எதுவும் நடக்காததுபோல, சுற்றாத எண்ட்மில்லை (வெட்டும் பிட்டை) உலோகத்துக்குள் தள்ளிக்கொண்டே போகும். கார்பைடு பிட் படாரென்று போகும், ஜாபும் போகும். டிரைவில் ஃபால்ட் ரிலே (கோளாறு வந்தால் தானாக மாறும் சுவிட்ச்) என்று இரண்டு மூன்று டெர்மினல் சும்மா கிடக்கும். அதிலிருந்து ஒரு ஜோடி ஒயரை கன்ட்ரோலரின் ஃபீட் ஹோல்டுக்கு (அச்சுகளை நிறுத்திப் பிடிக்கும் உள்ளீடு) இழுத்துவிட்டேன். இப்போது டிரைவ் ட்ரிப் ஆனால் அச்சுகளும் அதே இடத்தில் நிற்கின்றன. யு.பி.எஸ். இருப்பதால் பொசிஷன் மறப்பதில்லை. கரண்ட் வந்ததும் இசட் அச்சை (மேலும் கீழும் போவது) தூக்கி, ஸ்பிண்டிலை ஓடவிட்டு, விட்ட வரியில் இருந்து தொடர்கிறேன். ஒயர் செலவு ஐம்பது ரூபாய்கூட இருக்காது.

இனி பணம். மெஷின் மூன்று லட்சத்தை ஒட்டி வந்தது, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும். லைன், எர்த், ஸ்டெபிலைசர், யு.பி.எஸ்., கம்ப்ரசர், வைஸ், கோலெட் செட் (பிட்டைப் பிடிக்கும் வளையங்கள்), டயல் கேஜ், எண்ட்மில் எல்லாம் சேர்ந்து மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. சாஃப்ட்வேரையும் மறக்க வேண்டாம். பாகத்தை வரைந்து மெஷினுக்கு நிரல் எழுதித் தரும் ஃபியூஷனின் இலவசப் பதிப்பில் ரேப்பிட் (வேகமாகத் தாவும்) நகர்வை முடக்கியிருக்கிறார்கள், வெட்டாத இடத்திலும் மெஷின் ஊர்ந்துதான் போகும். ஜாப் ஒர்க் செய்பவருக்கு அந்த உரிமம் பொருந்தவும் பொருந்தாது. காசு கொடுக்க மனமில்லை என்றால் ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, பழக நாளாகும்.

கரண்ட் பில்லோ சிரிப்புக்குரிய அளவு. அலுமினியம் வெட்டும்போது ஸ்பிண்டில் முழு லோடை எட்டுவதே அபூர்வம். எனக்கு மணிக்கு ஒரு யூனிட்கூட ஆவதில்லை. ஒரு நல்ல 6 மில்லிமீட்டர் கார்பைடு எண்ட்மில் உடைந்தால் போகும் காசில் பல நாள் மெஷினை ஓட்டிவிடலாம்.

இரும்புதான் முக்கிய வேலை என்பவர்கள் இந்த வகை மெஷின் பக்கமே வர வேண்டாம். 24,000 ஆர்.பி.எம்.மில் 2.2 கிலோவாட் என்றால் முறுக்குவிசை 0.9 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. இரும்புக்காக 6,000க்கு இறக்கினால் கையில் மிஞ்சுவது அரைக் கிலோவாட் சொச்சம். பி.டி.30 (பிட் பிடிப்பின் அளவுக் குறியீடு) ஸ்பிண்டில் உள்ள கனமான மெஷின் பாருங்கள், அதற்குப் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் கட்டாயம்.

பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரைக் கொண்டுபோங்கள். காலையில் சும்மா சுற்றிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காமல், சாயங்காலம் ஆறரைக்கு மேல் போய், உங்கள் கையில் இருக்கும் அலுமினியத் துண்டில் ஒரு பாக்கெட் (பள்ளம்) வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டும்போது ஃபேஸ் ஒயரில் எத்தனை ஆம்பியர் ஏறுகிறது, வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், உங்கள் பட்டறை லைன் அதைத் தாங்குமா என்று உங்கள் எலக்ட்ரீசியனே சொல்லிவிடுவார்.