கணக்கு மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு: கொழிஞ்சாம்பாறைக் கடையிலிருந்து ஒரு மதிப்புரை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலுள்ள எங்கள் பலசரக்குக் கடையில், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றப்பட்ட கணக்கு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். ரசீது அச்சு நன்று. ஆனால் முதல் பதிப்பில், தமிழ் மொழிபெயர்ப்புக் கோப்பு உடன் வந்திருந்தும் திரை முழுவதும் ஆங்கிலமே தோன்றியது. அந்தக் கோப்பைத் தேட வேண்டிய இடமாக, தொகுக்கும்போதே நிரலுக்குள் பதிக்கப்பட்ட '/யூஎஸ்ஆர்/ஷேர்/லோகேல்' என்ற லினக்ஸ் பாதை விண்டோஸில் இல்லை. கோப்பு கிடைக்காதபோது, மொழிபெயர்ப்பை எடுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட் என்ற நிரல்தொகுப்பு பிழை எதையும் அறிவிக்காமல் மூலச் சொற்றொடரையே திருப்பித் தருவதால், குறை எங்கே என்பது பயனருக்குப் புலப்படுவதே இல்லை. நிரல் தொடங்கும்போது தான் நிறுவப்பட்டுள்ள இடத்தைக் கண்டறிந்து, அதிலிருந்து மொழிக் கோப்புறையின் பாதையை அமைத்து, மொழிக் கோப்புகள் இருக்கும் இடத்தைக் கெட்டெக்ஸ்ட்டுக்குச் சொல்லும் பைண்ட்டெக்ஸ்ட்டொமைன் செயற்கூறுக்குக் கொடுப்பதே சரியான முறை. புதிய பதிப்பு அவ்வாறே செய்கிறது. வேறு வட்டில் நிறுவினாலும் தமிழ் வருகிறது. தமிழும் மலையாளமும் படிக்கும் பணியாளர்கள் ஒரே கணினியைப் பகிரும் எல்லைப்புறக் கடைகளுக்கு இது பெரிய உதவி. கோப்புறையின் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் மட்டும் இன்னும் தடுமாறுகிறது.