'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜில் சிஆர்பி: காசுக்குத் தகுமா?

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை, திருவாரூர் வரை லேப் வாசல்களில் ஃபுல் பாடி செக்கப் ஃபிளெக்ஸ் தொங்குகிறது. எழுபது டெஸ்ட், எண்பது டெஸ்ட் என்கிறார்கள். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசிக்கு மெஷின் தரும் இருபது சொச்சம் எண்களும் தனித்தனி டெஸ்டாகக் கணக்கில் ஏறும். கொலஸ்ட்ராலில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் விகிதம்கூட ஒரு டெஸ்ட்தான். எண்ணிக்கையை விட்டுவிடலாம். அண்மைக்காலமாக இந்தப் பேக்கேஜ்களில் 'அழற்சி' என்று சிஆர்பியையும் (உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) சேர்த்து, மெட்டபாலிக் சிண்ட்ரோம் (தொப்பை, பிபி, சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறுகள் ஒன்றுசேர்ந்து வருவது) இருக்கிறதா என்று இதிலேயே தெரிந்துவிடும் என்கிறார்களே, அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு இவற்றில் பெரும்பாலானவை பாதிக் கிணறுதான்.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று சொல்ல ஐந்தில் மூன்று இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ, பெண்ணுக்கு 80 செ.மீ அல்லது அதற்கு மேல். ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு கொழுப்பு 150 அல்லது மேல். 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் ஹெச்டிஎல் ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழ். பிபி 130/85 அல்லது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். ஏற்கெனவே பிபிக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவருக்கு ரீடிங் நார்மலாக வந்தாலும் அது கணக்கில் சேரும். இந்த ஐந்தில் இரண்டுக்கு ரத்தமே வேண்டாம், டேப்பும் பிபி மெஷினும் போதும். ஆனால் எண்பது டெஸ்ட் பேக்கேஜ்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டும்தான். பெரிய குறை இது.

இடுப்பை வீட்டிலேயே அளந்துவிடலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தோலின் மேல் டேப் வைத்து, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டதும் படிக்க வேண்டும். பாவாடை நாடாவை, வேட்டிக் கட்டைத் தளர்த்தாமல் அளந்தால் தப்பாகத்தான் வரும். பேன்ட் சைஸை நம்பவே கூடாது; தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிற பேன்ட் 34 என்றாலும் தொப்பை 38 அங்குலம் இருக்கும். பிபிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சிஆர்பிக்கு வருவோம். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதில் நோய் எதிர்ப்பு அணுக்கள் குடியேறி இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அது ஈரலுக்குப் போய்ச் சேர, ஈரல் சிஆர்பியை உற்பத்தி செய்கிறது. அதே கொழுப்பிலிருந்து வரும் டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் பொருள் இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் 14,719 பெண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து, 2003-இல் வெளிவந்த ஆய்வில், ஐந்தில் ஒன்றும் இல்லாதவர்களின் நடு அளவு சிஆர்பி லிட்டருக்கு 0.68 மி.கி; ஐந்தும் இருந்தவர்களுக்கு 5.75.

இந்த ஏற்றம் முழுவதும் 6-க்குள்ளேயே நடந்து முடிகிறது. பேக்கேஜில் போடும் சாதாரண சிஆர்பியோ பல லேப்களில் 6-க்குக் கீழ் என்றால் 'நெகட்டிவ்' என்று எழுதிவிடும். அது நிமோனியா, சீழ் போன்றவற்றைப் பிடிக்க வந்த டெஸ்ட். நமக்கு வேண்டியது மிகக் குறைந்த அளவையும் துல்லியமாகக் காட்டும் ஹெச்எஸ்-சிஆர்பி. பில் போடும் முன்பே இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதில் 1-க்குக் கீழ் என்றால் இதய ஆபத்து குறைவு, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். ரிப்போர்ட்டில் யூனிட்டையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 0.3 மி.கி என்பதும் லிட்டருக்கு 3 மி.கி என்பதும் ஒன்றுதான். புள்ளியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

10-க்கு மேல் வந்தால் அது தொப்பைக் கணக்கில் சேராது, வேறு ஏதோ இருக்கிறது. நடவு நேரத்துச் சேற்றுப்புண், ஐப்பசி கார்த்திகை மழைக் காய்ச்சல், யானைக்கால் உள்ளவருக்கு அவ்வப்போது வரும் காய்ச்சலோடு கூடிய வீக்கம், போன வாரம் போட்ட தடுப்பூசி, எல்லாமே ஏற்றிவிடும். வெற்றிலை பாக்கு, புகையிலையால் ஈறு கெட்டிருந்தால் அதுவும் சத்தமில்லாமல் ஏற்றி வைக்கும். உடம்பு முழுக்கத் தேறியபின், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் முறை. ஸ்டேட்டின் (கொலஸ்ட்ரால் மாத்திரை) சாப்பிட்டால் அளவு இறங்கும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் ஏறும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அழற்சிக்கென எடுக்கும் இன்னொரு ரத்த டெஸ்டான இஎஸ்ஆரை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரத்தசோகை இருந்தாலே அது ஏறிவிடும்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வசதி நல்லதுதான், ஒரு கண்டிஷனோடு. சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி டியூப் தனியாக எடுக்கிறார்களா என்று பாருங்கள். சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்தால் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நாலைந்து ஊர் சுற்றிவிட்டு டவுனுக்கு வந்து சேரும்போது 108 இருந்தது 95 ஆகி, மூன்றாக வேண்டிய கணக்கு இரண்டோடு நின்றுவிடும். டிரைகிளிசரைடுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். விடியற்காலை டிகிரி காபியும் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். ஹெச்எஸ்-சிஆர்பிக்கு மட்டும் என்றால் வெறும் வயிறு தேவையில்லை.

பேக்கேஜை விட்டுவிட்டு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) இரண்டையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஹெச்எஸ்-சிஆர்பி அந்த ஐந்தில் இல்லை, ஆகவே எல்லாருக்கும் தேவையும் இல்லை. ஐந்தில் இரண்டு மூன்று இருந்து, ஸ்டேட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டர் யோசிக்கும் இடத்தில் அதற்கு மதிப்பு உண்டு. ரிப்போர்ட்டோடு சேர்த்து 'சிஆர்பி குறைக்கும்' பவுடர் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். மரபணு ஆய்வுகளின்படி இதயத்தைக் கெடுப்பது சிஆர்பி அல்ல, அதற்கு மேலே இருந்து அதைத் தூண்டுகிற அழற்சி. எடை குறைந்து இடுப்பு இறங்கினால் சிஆர்பியும் தானாக இறங்கும். மூன்று மாதம் கழித்து அதே லேப்பில், அதே முறையில் மறுபடி எடுத்துப் பார்த்தால் போதும்.