லீலாவா, லெப்பர்டா: இரண்டு இத்தாலியத் தொடர்களைச் சுற்றி ஒரு வாக்குவாதம்

பழைய காலத்தைக் காட்டும் இத்தாலியப் பீரியட் தொடர் ஒன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன், எதில் ஆரம்பிக்கட்டும் என்று கேட்டால், இப்போதெல்லாம் இரண்டு பெயர்கள்தான் முதலில் வருகின்றன. ஒன்று ‘லா அமிகா ஜெனியாலே’, ஆங்கிலத்தில் ‘மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்’. 2018இல் தொடங்கி 2024இல் முடிந்தது. நான்கு சீசன், 34 எபிசோடு. இன்னொன்று 2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘தி லெப்பர்ட்’, ஆறே எபிசோடு. முதலாவது, 1950களிலிருந்து நேப்பிள்ஸின் ஏழைக் குடியிருப்பில் வளரும் எலெனா, லீலா என்ற இரண்டு தோழிகளின் கதை. இரண்டாவது, 1860இல், இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டியின் படை சிசிலியில் இறங்கும்போது ஆட்டம் காணும் ஒரு பிரபுக் குடும்பத்தின் கதை. இரண்டுமே புகழ்பெற்ற நாவல்களிலிருந்து வந்தவை.

நானும் அக்காவும் இரண்டையும் சேர்ந்தே பார்த்தோம். அவள் ‘லெப்பர்ட்’ பக்கம், நான் லீலா பக்கம். எங்களுக்குள் நடந்த வாக்குவாதம்தான், பார்த்தவர்கள் எல்லாரிடமும் ஏதோ ஒரு வடிவத்தில் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ‘லெப்பர்ட்’. பிடித்தவர்கள் சொல்வது நியாயம்தான். சிசிலியின் வெயில், புழுதி பறக்கும் சாலை, மங்கிப்போன மாளிகைகள், பட்டுத் துணியின் சரசரப்பு எல்லாமே கண்ணுக்கு விருந்து. குடும்பத் தலைவரான இளவரசர் டான் ஃபப்ரீஸியோவாக வரும் கிம் ரோஸி ஸ்டூவர்ட் ஒரு அறைக்குள் நுழைந்தாலே போதும், மற்றவர்கள் தானாக ஒதுங்கி வழிவிடுவது போலிருக்கும். ஆறு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். வேலைக்குப் போய்வந்து அலுத்து உட்காருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிடிக்காதவர்களில் பெரும்பகுதி, இயக்குநர் விஸ்கோன்தி 1963இல் இதே நாவலை வைத்து எடுத்த படத்தை நெஞ்சில் வைத்திருப்பவர்கள். கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய படம் அது. பாலெர்மோவில் ஒரு நிஜ மாளிகைக்குள் எடுத்த நடன விருந்துக் காட்சி மட்டுமே முக்கால் மணி நேரம் ஓடும். பர்ட் லங்காஸ்டர், அலன் தெலோன், கிளவுதியா கார்தினாலே மூவரையும் பார்த்த கண்ணுக்கு, இந்தத் தொடரின் இளம் ஜோடியான சவுல் நானியும் தேவா கசெலும் விளம்பரப் படத்திலிருந்து வந்தவர்கள் போலத் தெரிகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அழகு இருக்கிறது, கனம் போதவில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் இன்னொரு குற்றச்சாட்டு எனக்கு அரைகுறையாகவே படுகிறது. சிசிலிக்காரர்கள் சிசிலிப் பேச்சே இல்லாமல் சுத்த இத்தாலியனில் பேசுகிறார்களே என்று இத்தாலியிலேயே பலர் வருத்தப்பட்டார்கள். குறை உண்மைதான். ஆனால் அதற்காக விஸ்கோன்தி படத்தை எடுத்துக்காட்டுவது சரியில்லை. அதில் அமெரிக்கரான லங்காஸ்டருக்கும் பிரெஞ்சுக்காரரான தெலோனுக்கும் இத்தாலியப் பதிப்பில் குரல் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். மண்ணின் பேச்சு அதிலும் முன்னால் நிற்கவில்லை. அப்புறம், ஸ்டூவர்ட் பார்க்க சிசிலிக்காரர் மாதிரியே இல்லையே என்கிறவர்களுக்கு ஒன்று: நாவலில் அந்த இளவரசர் ஜெர்மானியத் தாயின் மகன், நெடிய உருவம், வெளிர் நிறம். இந்த இடத்தில் தேர்வு சரியாகவே இருக்கிறது.

அக்காவை இழுத்தது மகள் கொன்செத்தா. நாவலில் ஓரமாக நிற்கும் அவளைத் தொடர் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறது. பெனெதெத்தா போர்க்கரோலி அதற்கு உயிர் கொடுத்திருக்கிறார். மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. அப்பாவின் முன்னால் அவள் வாய்திறக்காமல் நிற்கும் நேரங்கள்தான் தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை.

சரி, லீலாவுக்கு வருகிறேன். இதைப் பாதியில் விட்டவர்கள் சொல்லும் காரணங்களையும் நான் மறுக்கப்போவதில்லை. மெதுவாகப் போகிறது. இருட்டாக இருக்கிறது. அடி, உதை, கூச்சல். பெயர்கள் வேறு: செருல்லோ, கிரேக்கோ, கராச்சி, சொலாரா, சர்ரத்தோரே என்று முதல் இரண்டு எபிசோடுக்குள் குடும்பம் குடும்பமாக வந்து கொட்டும். நாவலிலேயே முன்பக்கத்தில் கதைமாந்தர் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நான் ஒரு தாளில் எழுதி ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அதையெல்லாம் தாண்டி என்னைப் பிடித்து உட்காரவைத்தது பேச்சு. காசெர்த்தாவில் பழைய கண்ணாடித் தொழிற்சாலை இருந்த இடத்தில், அந்தக் குடியிருப்பையே கட்டியெழுப்பினார்கள். அதற்குள் உலவும் ஆட்கள் பேசுவது கனத்த நேப்பிள்ஸ் வழக்கு. இத்தாலியிலேயே ராய் தொலைக்காட்சி அதற்கு இத்தாலிய சப்டைட்டில் போட்டுத்தான் ஒளிபரப்பியது. இது வெறும் ஊர்வாசனைக்காகச் செய்ததில்லை, கதையே அதில்தான் இருக்கிறது. எலெனா பள்ளிக்கூடத்தில் இத்தாலியன் கற்கிறாள். செருப்புத் தைப்பவரின் மகளான லீலா, அவளைவிடக் கெட்டிக்காரியாக இருந்தும், மேலே படிக்க அனுப்பப்படவில்லை. படித்தே தீருவேன் என்று அவள் அடம்பிடிக்க, அப்பா அவளை ஜன்னல் வழியாகத் தெருவில் தூக்கி எறிகிறார். கை உடைகிறது. அதன் பிறகு வரும் முப்பதுக்கும் மேற்பட்ட எபிசோடுகளிலும் எலெனா வாயிலிருந்து நல்ல இத்தாலியன் வரும்போதெல்லாம் அந்த ஜன்னல் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் சீசனில், ஆசிரியை வீட்டு விருந்துக்கு எலெனா லீலாவைக் கூட்டிப்போகிறாள். புத்தகமும் அரசியலுமாகப் பேசும் படித்த பிள்ளைகளுக்கு நடுவே, அந்த வாயாடி லீலா ஊமையாகிவிடுகிறாள். யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. திரும்பும் வழியில், அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டி அந்த வீட்டையும் எலெனாவையும் சேர்த்துக் கிழிக்கிறாள். டப்பிங்கில் பார்த்தால் இது ஒரு பொறாமைக்காரியின் கோபமாக மட்டும் தெரியும். மூல ஒலியில் கேட்டால், ஒருத்தியிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரியும். தொடர் பிடிக்கவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஒலியில் பார்த்தீர்கள் என்பதுதான்.

நடிகர் மாற்றம் பற்றிய சண்டைக்கும் இதில் பதில் இருக்கிறது. எலெனாவாக மார்கெரீத்தா மாத்சுக்கோவும் லீலாவாக காயா ஜிராச்சேயும் மூன்று சீசன்களிலும் வந்தார்கள். 2022இல் வந்த மூன்றாவதில், இருபதை ஒட்டிய வயதில், பிள்ளை பெற்ற பெண்களாக நடித்தார்கள். முகம் நம்பும்படி இல்லை என்று அக்கா அங்கேதான் நிறுத்தினாள். நான்காவதில் எலெனாவாக ஆல்பா ரோர்வாக்கரும் லீலாவாக இரேனே மயோரினோவும் வந்ததும், பழைய முகங்களைத் தேடிப் புலம்பியவர்கள் ஏராளம். ஆனால் இத்தாலிய ஒலியில் பார்த்தவர்களுக்கு ரோர்வாக்கர் புதியவரே இல்லை. முதல் சீசனிலிருந்து எலெனாவாகக் கதை சொல்லிக்கொண்டு வந்த குரல் அவருடையது. மூன்றாம் சீசனின் கடைசியில் விமானத்தின் கழிவறைக் கண்ணாடியில் எலெனா தன் முகத்தைப் பார்க்கிறாள். அது ரோர்வாக்கரின் முகமாகிறது. 24 எபிசோடாகக் காதில் இருந்த குரலுக்கு அங்கேதான் முகம் கிடைத்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இந்த வரிசையில், ஃப்ளாரன்ஸ் நகரை ஆட்டிவைத்த வங்கிக் குடும்பத்தின் கதையான ‘மெதிச்சி’யையும் சிலர் சொல்வார்கள். 2016 முதல் மூன்று சீசன். ஆங்கிலத்தில் எடுத்து, இத்தாலியில் இத்தாலியனில் ஓட்டினார்கள். மூத்தவர் ஜொவான்னியை விஷம் வைத்துக் கொன்றதாகக் கதையைத் தொடங்குகிறார்கள். உண்மையில் அவர் 1429இல் முதுமையில் இயற்கையாக இறந்தவர். வரலாறு தெரிந்தவர்கள் அதிலேயே எழுந்துபோய்விட்டார்கள். சூழ்ச்சியும் துரோகமும் வேகமாக ஓட வேண்டும் என்பவர்களுக்குக் குறையிருக்காது. நான் முதல் சீசனோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆறு நாள்தான் இருக்கிறது, கண் குளிர வேண்டும் என்றால் ‘லெப்பர்ட்’ பாருங்கள், அக்கா சொல்வது சரி. ஒரு மாதம் தர முடியும் என்றால் லீலாவிடம் போங்கள். ஆடியோவை மட்டும் இத்தாலியனுக்கு மாற்றிவிடுங்கள்.

அக்கா போன மாதம் திரும்பி வந்தாள். நான்காம் சீசன், 1980 நவம்பர் நிலநடுக்கம். இரண்டு தோழிகளும் கர்ப்பிணிகள். பூமி ஆடி அடங்கியதும், எதற்கும் அஞ்சாத லீலா நடுங்குகிறாள். பொருள்களுக்கும் மனிதர்களுக்கும் இருக்கும் விளிம்புகள் தன் கண்முன்னே கரைந்துபோகின்றன என்று எலெனாவிடம் சொல்ல வார்த்தை தேடித் திணறுகிறாள். அக்கா சப்டைட்டிலைப் படிக்கவில்லை, மயோரினோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ரிமோட்டை எடுத்து, விட்ட இடமான மூன்றாம் சீசனைத் தேடிப் போட்டாள்.