கொலு வேலைக்கு ஒரு தள்ளுவண்டி: ஐக்கியாவின் ராஸ்கோக் குறித்து

ஆவணி பிறந்ததும் கொலுவுக்கான கைவேலையைத் தொடங்கிவிடும் வீடுகளில், பரணிலிருந்து பொம்மைகளை இறக்குவதைவிடப் பெரிய கவலை, அலங்காரத்துக்கு வேண்டிய பொருள்களை நவராத்திரி வரை எங்கே பரப்பி வைப்பது என்பதுதான். கத்தரிக்கோல், பசை, ஜரிகை, குந்தன் கல், க்ரேப் காகிதம், தெர்மாகோல் துண்டு என்று எல்லாமே கூடத்துத் தரையில் கிடந்தால் வீட்டார் நடமாட முடியாது. ஒவ்வொரு நாளும் எடுத்துக் கட்டி மூட்டையாக உள்ளே வைத்தால் மறுநாள் அவிழ்ப்பதற்கே மனம் வராது. கைவேலைக்கென்று தனி அறை ஒதுக்க வசதியில்லாத அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர்களுக்கு இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொருளாகப் பலரும் பரிந்துரைப்பது, ஐக்கியா நிறுவனத்தின் ராஸ்கோக் என்னும் மூன்றடுக்கு இரும்புத் தள்ளுவண்டி. கொலுக் காலத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில் சொல்வதானால், கையில் இருக்கும் வேலையைத் தாங்குவதற்கு இது மிக நல்ல வண்டி; ஆண்டு முழுவதும் பொருள்களைச் சேமித்து வைக்கும் அலமாரியாக இதை நினைத்து வாங்குபவர்கள் ஏமாற்றம் அடைவார்கள்.

வண்டியின் அளவு 35 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், 78 செ.மீ. உயரம். தூள்பூச்சு பூசிய இரும்பால் ஆன மூன்று ஆழமான தட்டுகள், அவற்றைத் தாங்கும் கம்பிகள், அடியில் நான்கு சிறு சக்கரங்கள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மேல்தட்டு ஏறத்தாழ மேசை உயரத்தில் வந்து நிற்கும். ஆனால் நம்மில் பலர் கொலு வேலையைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் செய்கிறோம். அப்போது மேல்தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நடுத்தட்டே கைக்கு எட்டும் தட்டாகிவிடும். நடுத்தட்டின் உயரத்தை மாற்றிப் பூட்டிக்கொள்ள முடியும் என்பதால், தரையில் அமர்பவர்கள் அதைச் சற்றுக் கீழே இறக்கிப் பூட்டிக்கொள்வது நல்லது. வாங்கும்போதே இதைத் தீர்மானித்துக்கொண்டால் பிறகு கழற்றி மாட்டும் வேலை மிச்சம்.

ஐக்கியாவின் முதல் இந்தியக் கடை 2018இல் ஐதராபாத்தில் திறந்தது. தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டத்தினருக்கு எளிதில் போய்வரக் கூடியது, 2022இல் பெங்களூரு நாகசந்திராவில் திறந்த கடை. வண்டி முழுமையாகப் பூட்டப்பட்டு வருவதில்லை. தட்டையான அட்டைப்பெட்டியில் பகுதி பகுதியாக வரும், பூட்டுவது நம் பொறுப்பு. எல்லாத் திருகுகளையும் முதலில் தளர்வாகவே மாட்டிவிட்டு, வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் வண்டி கோணிக்கொண்டு ஆடும்.

இனி வேலை நேரத்தில் அது எப்படி உழைக்கிறது என்பது. மேல்தட்டில் வைக்க வேண்டியவை கைக்கருவிகள்: கத்தரிக்கோல், பேப்பர் கட்டர், அளவுகோல், பென்சில், க்ளூ கன். மற்ற எந்தப் பொருளையும்விட க்ளூ கன்னுக்கு இந்த வண்டி பொருத்தமானது என்பது என் கருத்து. சூடான பசையை உமிழும் அதன் முனை, கருவியின் வகையைப் பொறுத்து 120 பாகை முதல் 190 பாகை செல்சியஸ் வரை சூடேறும்; பிளாஸ்டிக் டப்பாவின் மீதோ விரித்த போர்வையின் மீதோ அதை வைக்க முடியாது. இரும்புத் தட்டில் ஒரு பழைய டைல்ஸ் துண்டைப் போட்டு அதன்மேல் க்ளூ கன்னை நிறுத்தினால் சொட்டும் பசையும் டைல்ஸிலேயே விழுந்து, ஆறியதும் உரித்தெடுக்க வரும். ஆனால் மின்சாரத்தில் செருகியபடியே வண்டியை நகர்த்தக் கூடாது. சக்கரங்களுக்குப் பூட்டு கிடையாது. வயரில் யாரேனும் கால் இடறினால் வண்டியே இழுபட்டு வரும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வண்டியைச் சுவரோரம், செருகுமிடத்துக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, வேலை முடிந்ததும் க்ளூ கன்னை ஆறவிட்டுத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

நடுத்தட்டுதான் இந்த வண்டியின் பலமும் பலவீனமும் தெரியும் இடம். தட்டுகளின் அடிப்பாகம் வலைக்கம்பி போன்றது. தூசி தங்காது, ஈரத் தூரிகையை வைத்தாலும் காற்றோடி உலர்ந்துவிடும். அதே காரணத்தால் சமிக்கி, சிறுமுத்து, குந்தன் கல் போன்றவை சிதறினால் அடுத்த தட்டுக்கோ தரைக்கோ இறங்கிவிடும். பழைய மாதக் காலண்டரின் தடித்த அட்டையைத் தட்டின் அளவுக்கு வெட்டி அடியில் விரித்துவிட்டால் இந்தக் குறை தீர்கிறது. கற்களையும் முத்துகளையும் அறை அறையாகப் பிரித்த மூடியுள்ள டப்பாக்களில் நிறம்வாரியாகப் போட்டு அடுக்கினால், மரப்பாச்சிக்கு ஒட்டியாணம் கட்டும் நேரத்தில் வேண்டிய கல் உடனே கைக்கு வரும். செம்மரத்தில் செய்த பழைய மரப்பாச்சிகளின் உடலில் சூட்டுப்பசையை நேராக ஒட்டாதீர்கள் என்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். துணியை நூலால் தைத்து உடுத்தி, கற்களைத் துணியின் மேல் மட்டும் ஒட்டினால், தலைமுறை தாண்டி வந்த மரத்தில் கறை படியாது.

பசைப் புட்டிகளும் நடுத்தட்டுக்கே உரியவை. ஆழம் போதுமானதாக இருப்பதால் அவை நிமிர்ந்து நிற்கின்றன, தள்ளும்போது சாய்வதில்லை. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையையும் கரைப்பான் கலந்த ரப்பர் பசையையும் ஒரே இடத்தில் வைக்காமல் வண்டியின் இரு மூலைகளில் பிரித்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரப்பர் பசை தெர்மாகோலை அரித்துக் குழியாக்கிவிடும்; அவசரத்தில் கை மாறினால், கோபுரத்துக்காகப் பொறுமையாக வெட்டிய தெர்மாகோல் வீணாகும். அதிகச் சூடேறும் க்ளூ கன்னும் தெர்மாகோலை உருக்கும். தெர்மாகோல் வேலைக்கு வெள்ளைப் பசையும் ஓரிரவு காத்திருக்கும் பொறுமையும் போதும்.

கனமான பொருள்களைக் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். வண்டி அகலம் குறைந்தது, உயரமானது. மேலே பாரம் ஏறினால் நிலைப்படியைத் தாண்டும்போது கவிழப் பார்க்கும். பெரிய பசை டப்பா, வண்ணக் குப்பிகள், மடித்த ரவிக்கைத் துணிகள், கம்பிச் சுருள் ஆகியவற்றைக் கீழே இட்டால் வண்டி உறுதியாக நிற்கும். டைல்ஸ் தரையிலும் மொசைக் தரையிலும் சக்கரங்கள் சத்தமின்றி உருளுகின்றன. ஜரிகை நூலும் பட்டு நூலும் சக்கர அச்சில் சுற்றிக்கொள்வது உண்டு. அவ்வப்போது ஓர் ஊக்கினால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் உருளாமல் தரையில் தேய்ந்து இழுபடும்.

இதில் அடங்காதவை எவை என்பதையும் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைகளில் விற்கும் சார்ட் தாள் 22 அங்குலத்துக்கு 28 அங்குலம், அதாவது ஏறக்குறைய 56 செ.மீ.க்கு 71 செ.மீ.; 45 செ.மீ. நீளமுள்ள தட்டில் அது எந்த வகையிலும் படுக்காது. சுருட்டி நிறுத்தினால் நிற்கும், ஆனால் சுருண்ட தாள் வெட்டும்போது எழும்பி எழும்பி வரும், கோடு கோணும். ஏ4 தாள்கள், ஓரிகாமித் தாள்கள், குவில்லிங் நாடாக்கள் நன்றாக அடங்குகின்றன. ஏ3 அளவு வெட்டுப்பலகை 42 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலானது. தட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் குறைவு என்பதால் அதைத் தட்டில் படுக்க வைக்கலாம் என்று எண்ணி வாங்க வேண்டாம், வண்டிக்கும் சுவருக்கும் இடையே செங்குத்தாகச் செருகி வைக்கலாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குப் போய் வண்ணத்தாள்களை மொத்தமாக வாங்கி வருபவர்களுக்கு இந்த வண்டி ஒருபோதும் போதாது. அவற்றை இரண்டு பெரிய அட்டைகளுக்கு இடையே வைத்து நாடாவால் கட்டி, கட்டிலுக்கு அடியில் தட்டையாகக் கிடத்துவதே சரியான வழி. அன்றன்றைக்குத் தேவைப்படும் தாளை மட்டும் வெட்டியெடுத்து வண்டிக்குக் கொண்டுவரலாம்.

இந்தக் கட்டுப்பாட்டையே நான் வண்டியின் சிறந்த குணமாகக் கருதுகிறேன். மூன்று தட்டுகளில் கொள்ளும் பொருள் ஓர் அலங்காரத்துக்கு மட்டுமே போதும். சென்ற கொலுவில் தெப்பக்குளம் அமைத்தபோது, அந்த வேலைக்கான பொருள்கள் மட்டுமே வண்டியில் இருந்தன: கண்ணாடித் துண்டு, படிகளுக்கான அட்டை, வெள்ளைப் பசை, தாமரைக்கு இளஞ்சிவப்பு க்ரேப் காகிதம், தண்டுக்குப் பச்சை நாடா சுற்றிய கம்பி. க்ரேப் காகிதம் அதன் சுருக்கங்களுக்குக் குறுக்காக மட்டுமே நீளும். ஆகையால் சுருக்கங்கள் இதழின் அடியிலிருந்து நுனி நோக்கி ஓடுமாறு வெட்டி, இரு பெருவிரல்களால் நடுவில் மெல்ல விரித்தால் இதழ் கிண்ணம்போல் குழிந்து தாமரையின் வடிவம் தானே வந்துவிடும். திசை மாற்றி வெட்டினால் எவ்வளவு இழுத்தாலும் குழியாது, கிழியத்தான் செய்யும். இப்படி ஒரே வேலையைப் பல மாலைகளில் விட்டு விட்டுச் செய்யும்போது, பாதி வெட்டிய இதழ்களை வண்டியின் நடுத்தட்டில் அப்படியே விட்டு, வண்டியைப் படுக்கையறை மூலைக்குத் தள்ளிவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. தெப்பக்குளம் முடிந்ததும் வண்டியை முழுதாகக் காலி செய்து, வாசல் தோரணத்துக்கான பொருள்களை ஏற்றினேன். தோரணத்தை மட்டும் ஒட்டாமல் தைத்துவிடச் சொல்வேன். மேற்கு வெயில் நேரே விழும் வாசலில் சூட்டுப்பசை இளகி, மாவிலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும்.

திறந்த தட்டுகள் என்பதால் வண்டிக்கு நம் பருவநிலையோடு ஒத்துப்போக முடியாத ஒரு குறையும் உண்டு. புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை தொடங்கினால் காற்றின் ஈரத்தில் க்ரேப் காகிதம் தொய்ந்து சாயம் விடும், சமிக்கித் துணி கருக்கும். எனவே விஜயதசமி கழிந்ததும் காகிதத்தையும் துணியையும் வண்டியில் விட்டுவைக்காமல், மூடியுள்ள டப்பாக்களில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் எடுத்து வைக்க வேண்டும். காகிதத்தையும் கஞ்சிப்பசையையும் தின்னும் இராமபாணப் பூச்சிக்குப் பயந்து நாப்தலின் உருண்டை போடுபவர்கள், தெர்மாகோல் உள்ள பெட்டியில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும். நாப்தலினின் ஆவி தெர்மாகோலைக் கரைத்து ஒட்டும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும். உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் அந்தப் பெட்டிக்குப் போதும். கடலோர ஊர்களில் வசிப்பவர்கள், தட்டில் கீறல் விழுந்த இடத்தில் துரு பிடிக்குமுன் சிறிது எனாமல் வண்ணம் தொட்டு வைப்பது வண்டியின் ஆயுளுக்கு நல்லது.

இதே தோற்றத்தில், பெயரில்லாத தள்ளுவண்டிகள் இப்போது பாத்திரக் கடைகளிலும் இணையத்திலும் விலை குறைவாகக் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, பார்த்து வாங்க வேண்டும். தட்டின் விளிம்பு மடித்துவிடப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிக்காத விளிம்பு கையைக் கிழிக்கும், பட்டுத் துணியையும் இழுத்துவிடும். தகரம் மெலிந்ததாக இருந்தால் நடுவில் அழுத்தும்போது உள்வாங்கும். அதே விலைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் இழுப்பறைகள் தூசியிலிருந்து காப்பதில் தள்ளுவண்டியைவிட மேலானவை. ஆனால் உள்ளே இருப்பது கண்ணில் படாது, ஒவ்வொரு முறையும் இழுத்துத் தேட வேண்டியிருக்கும், பசை ஒட்டிய கையோடு இழுப்பறையைத் திறப்பதும் சிரமம். சுவரில் ஆணியடித்து மாட்டும் துளைப்பலகை, கருவிகளை மாட்டுவதற்கு அழகானது. வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கவிடும் காகித நட்சத்திரம் செய்பவர்களுக்கும், பொங்கலுக்குப் பானையில் வண்ணம் தீட்டுபவர்களுக்கும் இதே வண்டி இதே விதத்தில் உதவும். பானைகளை மட்டும் கீழ்த்தட்டில் துணி விரித்து வைக்க வேண்டும்.

நவராத்திரியின் ஒன்பது நாள்களிலும் கைவேலை இல்லாமல் காலியாக நிற்கும் வண்டியை நான் கூடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறேன். வருபவர்களுக்குக் கொடுக்க வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ரவிக்கைத்துணி ஆகியவற்றைத் தட்டுவாரியாக அடுக்கி வைத்தால், ஒவ்வொருவருக்கும் தாம்பூலம் எடுக்க உள்ளே ஓட வேண்டியதில்லை. அதற்கு முன் அட்டைகளை எடுத்துவிட்டு, தட்டுகளைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். சுண்டலை மட்டும் மூடிய பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். எவ்வளவு துடைத்தாலும் வலைக்கம்பி இடுக்கில் ஜிகினாத் தூள் தங்கியிருக்கும்.