பெபிளா, லிஃப்டா?

மவுஸை லேப்டாப்போடு பையில் போட்டுக்கொண்டு அலைபவர்களுக்கு லாஜிடெக் பெபிள் எம்350 போதும். தட்டையானது, 100 கிராம்தான், கிளிக் சத்தமும் அவ்வளவாகக் கேட்காது. ஆனால் உள்ளங்கைக்குப் பிடிமானமே இல்லை. விரல் நுனியால்தான் நகர்த்த வேண்டும். நாள் முழுக்க எக்செலில் உட்கார்ந்தால் மணிக்கட்டு கெஞ்சும்.

அதே நிறுவனம் 2022இல் கொண்டுவந்த லிஃப்ட் மவுஸ் 57 டிகிரி சாய்ந்து நிற்கும். கை குலுக்கும் வாக்கில் பிடிப்பதால் முன்கை அவ்வளவாக முறுக்கிக்கொள்ளாது. முதலில் குறி தவறும், கிளிக் செய்தால் மவுஸே பக்கவாட்டில் நகரும், போகப்போகப் பழகிவிடும். இடது கைக்காரர்களுக்குத் தனி மாடலே உண்டு. பெரிய கைக்குத்தான் சரிப்படாது. பெபிள், லிஃப்ட் இரண்டுக்கும் தலா ஒரு ஏஏ பேட்டரிதான்.

லிஃப்டின் விலை பெபிளைவிட இரண்டு மடங்குக்கு மேல். லேப்டாப் மேசையை விட்டு நகராது என்றால் லிஃப்டைத்தான் வாங்கச் சொல்வேன்.