லெகோ காருக்கு மோட்டர் பூட்டக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பில் யாராவது உங்களிடம் "லெகோ காருக்கு மோட்டர் போட்டு ரிமோட்டில் ஓடவிட்டுத் தாறன்" என்று சொன்னால், காசைக் கையில் எடுக்கும் முன் இந்தப் பதிவை ஒருக்கா முழுக்க வாசியுங்கள். 38,000 ரூபாயும் ஒரு நல்ல காரும் கொடுத்து நான் படித்த பாடம் இது. ஆளின் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அவர் வேலை செய்த விதத்தை விடாமல் சொல்கிறேன். அதை வைத்தே ஆளை அடையாளம் பிடித்துவிடுவீர்கள்.

கார் சுவிசில் இருக்கும் என் மச்சான் என் மகனுக்குக் கொண்டுவந்தது. லெகோ டெக்னிக் வரிசையில் 2016இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ். செம்மஞ்சள் நிறம், 2,704 துண்டுகள், கட்டி முடித்தால் 57 சென்ரிமீற்றர் நீளம். மச்சான் அதை வாங்கிப் பெட்டி உடைக்காமல் வருடக்கணக்கில் வைத்திருந்திருக்கிறார். நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் எங்கள் வீட்டுக்கு இறக்குமதியான ஒரே கார் இதுதான் என்று மாமி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா.

மகனும் நானும் பத்தொன்பது இரவு இருந்து கட்டினோம். செய்முறைப் புத்தகமே 500 பக்கத்துக்கு மேல். முதல் நாலைந்து இரவும் காருக்குரிய எந்த அடையாளமும் இல்லை, பல்சக்கரம் மட்டும்தான். பின்பக்கம் ஆறு பிஸ்டன் உள்ள எஞ்சின், நடுவில் நாலு கியர் உள்ள கியர்பெட்டி, பின் சக்கரங்களுக்கு நடுவே, வளையும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்சியல். காரைத் தள்ளினால் சக்கரத்தின் சுழற்சி இது எல்லாவற்றுக்குள்ளாலும் போய் பிஸ்டன்களை இடமும் வலமுமாக ஆட்டும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு கிழமைதான். "அப்பா, இது ஏன் தானா ஓடுதில்ல?" என்று கேட்கத் தொடங்கிவிட்டான்.

ஓடாது. அந்தக் கார் மோட்டர் இல்லாமல் வந்தது. ஓட வைக்க விரும்புகிறவர்கள் லெகோவின் பவர் ஃபங்ஷன்ஸ் என்ற மோட்டர் வரிசையைத் தேடி எடுத்துப் போடுவார்கள். 2007இல் வந்த வரிசை அது, இப்போது லெகோ அதைத் தயாரிப்பதில்லை. இதையெல்லாம் நான் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஃபேஸ்புக்கில் கண்ட ஒரு விளம்பரம் மட்டும்.

எடுத்துக் கதைத்தேன். டவுனுக்குள்ளேதான், ஒரு போன் திருத்தும் கடையின் பின் அறை. நல்ல மரியாதையாகக் கதைத்தார். "அண்ணன், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ஒரிஜினல் லெகோ மோட்டர் ரெண்டு, ஸ்டியரிங்குக்கு செர்வோ ஒண்டு, ஒரிஜினல் ரிமோட், சார்ஜ் பண்ற பற்றரி. கல்லடி பீச்சிலயே ஓடவிடலாம்." காரின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார். விறாந்தையில் மாமியின் பன்பாயில் வைத்து எடுத்து அனுப்பினேன். 38,000 ரூபாய், பாதி முற்பணம், மூன்று கிழமை. தான் செய்து முடித்த கார் என்று ஒரு வீடியோவும் அனுப்பினார். சிவப்புக் கார் ஒன்று வீட்டுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிறது. பார்த்த மாத்திரத்தில் காசை வங்கியில் போட்டுவிட்டேன்.

அந்த வீடியோவை இப்போது பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. தரை முழுக்கப் பலகை. சுவரில் உள்ள பிளக்கில் இரண்டு வட்ட ஓட்டைதான். மட்டக்களப்பில் எந்த வீட்டில் அப்படி ஒரு பிளக் இருக்கிறது? எவரோ ஐரோப்பியர் போட்ட வீடியோவை இறக்கி எனக்கு அனுப்பியிருக்கிறார். கார் வளைந்ததைப் பார்த்த நான் சுவரைப் பார்க்கவில்லை.

மூன்று கிழமை ஏழு கிழமையானது. கரன்ட் இல்லை, சாமான் கொழும்பில் நிற்கிறது, காய்ச்சல், பெரியம்மா வீட்டில் செத்த வீடு. சரி, யாருக்கும் வருவதுதானே என்று இருந்தேன். ஒருநாள் பின்னேரம் "வாங்க அண்ணன், முடிஞ்சுது" என்று எடுத்தார். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

காரை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையில் ரிமோட். அழுத்தினார், பின் சக்கரம் இரண்டும் விர்ரென்று சுற்றின. இன்னொன்றை அழுத்தினார், முன் சக்கரம் ஒரு பக்கம் வெட்டிற்று. மகன் கை தட்டினான். மீதிக் காசைக் கொடுத்தேன். பில் கேட்டேன். "வட்ஸ்அப்பில அனுப்புறன் அண்ணன்" என்றார்.

தரையில் ஓடவிட்டுக் காட்டும்படி நான் கேட்கவில்லை. தூக்கிப் பிடித்தால் எந்த மோட்டரும் சுற்றும்.

வீட்டு விறாந்தையில் வைத்து அழுத்தியபோது உள்ளே "கட கட கட" என்று சத்தம் மட்டும் வந்தது. கார் ஒரு சாண் நகர்ந்து நின்றது. உதவியாக இருக்கட்டும் என்று பின்னால் லேசாகத் தள்ளிவிட்டேன், நாலடி போனது. ஸ்டியரிங் ஒன்றில் முழுக்க இடம், அல்லது முழுக்க வலம். நடுவில் ஒன்றுமே இல்லை. மாமி தேத்தண்ணீரோடு வந்து பார்த்துவிட்டு, "என்ன மனே, இது தள்ளினாத்தானே முன்னமும் ஓடின?" என்று கேட்டா. அதற்கு நான் என்ன சொல்ல?

இரவு மகன் படுத்த பிறகு மேல்கூட்டைக் கழற்றினேன். லெகோ மோட்டர் ஒன்றுகூட இல்லை. பின் அச்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கியர் மோட்டர் இரண்டு, பல்கலைக்கழகப் பிள்ளைகள் புரொஜெக்ட் ரோபோவுக்குப் போடுவார்களே, சில நூறு ரூபாய்க்கு விற்பது, அது. அதோடு மாமாங்கத் திருவிழாக் கடைகளில் தொங்கும் ரிமோட் கார் ஒன்றைப் பிரித்து எடுத்த சின்ன சர்க்கிட் போர்ட். ரிமோட்டும் அந்தக் காருடையதுதான், மேலே ஒட்டியிருந்த படத்தை மட்டும் சுரண்டியிருந்தார். அந்த மலிவுக் கார்களில் செர்வோ கிடையாது. ஒரு குட்டி மோட்டர் முழுக்க ஒரு பக்கம் தள்ளும், விட்டால் ஸ்பிரிங் திரும்ப இழுக்கும். லெகோவின் செர்வோ என்றால் ஒரு பக்கத்துக்கு ஏழு படியாகத் திரும்பி, விட்டதும் தானாக நடுவுக்கு வரும்.

கார் ஏன் நகரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. கியர்பெட்டியை அவர் தொடவே இல்லை. சக்கரத்தைச் சுற்ற வேண்டிய அந்தச் சின்ன மோட்டர்கள் கியர்பெட்டியையும் ஆறு பிஸ்டனையும் சேர்த்து இழுக்க வேண்டியிருந்தது. கையால் தள்ளும்போதே இறுக்கம் தெரியும் பெட்டி அது. இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் கியர்பெட்டியையும் பொய் எஞ்சினையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மோட்டரை வைத்து நேராக டிஃபரன்சியலுக்குக் கொடுப்பார்கள். அதிலும் எந்த மோட்டர் என்று யோசிக்க வேண்டும். லெகோவின் எல் மோட்டர் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 தரம் சுற்றும். எக்ஸ்எல் மோட்டர் 220தான், ஆனால் அதன் இழுவை எல் மோட்டரைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவு பாரமான காருக்கு வேகத்தைவிட இழுவைதான் தேவை. கியர்பெட்டியை என்ன செய்வது என்று என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்காத ஆளிடம் நான் காரைக் கொடுத்திருக்கிறேன்.

பீச் கதையும் பொய். சொன்னபடி ஒரிஜினல் ரிமோட்டே தந்திருந்தாலும் அது டீவி ரிமோட் மாதிரி அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. நமது ஊர் வெயிலில் ரிசீவருக்கு அது ஒழுங்காகத் தெரியாது. மணல் ஒரு பிடி பல்சக்கரங்களுக்குள் போனால் அதோடு சரி.

இதுவரை நடந்தது காசு போன கதை. அதை நான் பொறுத்திருப்பேன்.

மஞ்சள் மோட்டரைக் கழற்றலாம் என்று பிடித்து இழுத்தேன், வரவில்லை. விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் சுற்றிவர வெள்ளைப் புகை படிந்த மாதிரி. சுப்பர் குளூ. மோட்டரைப் பீமோடு (ஓட்டை வரிசை உள்ள நீளத் துண்டு) ஒட்டி, பீமை அச்சோடு ஒட்டி, அது வழிந்து டிஃபரன்சியலுக்குள்ளும் போயிருந்தது. இரண்டு பீமில் கம்பியைச் சூடாக்கி ஓட்டை போட்டிருந்தார். லெகோ அச்சு கூட்டல் குறி வடிவம், அந்த மஞ்சள் மோட்டரின் தண்டு வேறு வடிவம். இரண்டையும் பொருத்தத் தெரியவில்லை, ஒட்டிவிட்டார்.

லெகோ என்றாலே கழற்றலாம், திரும்பக் கட்டலாம் என்பதுதானே? பத்தொன்பது இரவு நாங்கள் "கிளிக்" என்று சொருகிய துண்டுகள். மகன் பிழையாகச் சொருகியதை எத்தனை தரம் கழற்றித் திரும்பப் போட்டிருப்போம். இப்போது அந்தப் பின்பக்கம் முழுக்க ஒரே கட்டி.

அடுத்த பிழையை நான் செய்தேன். குளூ கரையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மனைவியின் நெயில் பொலிஷ் ரிமூவரைப் பஞ்சில் எடுத்துத் தேய்த்தேன். குளூ கொஞ்சம் இளகியது. கூடவே பீமும் இளகியது. தொட்டால் பிசுபிசு என்று விரல் அடையாளம் அப்படியே பதிந்தது. ரிமூவரில் உள்ள அசிட்டோன் லெகோ செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைக்கும். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

பற்றரியை இன்னும் சொல்லவில்லை. பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். எக்ஸ்எல்லோ எல்லோ, லெகோ மோட்டருக்குரிய பெட்டியில் ஆறு சின்ன ஏஏ பற்றரி போடுவோம். இதில் இருந்தது 18650 என்கிற லித்தியம் செல் இரண்டு, 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், லப்டொப் பற்றரிக்குள் இருப்பது. மேலே கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. அந்த அளவுச் செல்லில் நல்லதே ஏறக்குறைய 3500தான் வரும், 9900 என்று போட்டிருந்தாலே கள்ளச் சாமான். பாதுகாப்பு சர்க்கிட் எதுவும் இல்லை. கம்பியை நேராக ஈயம் வைத்து ஒட்டிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்.

காரைத் திறந்து பார்க்கும் முன், கொண்டுவந்த அன்றே, மகன் அதைச் சார்ஜில் போட்டிருந்தான். இராச் சாப்பாட்டு நேரம் ஒரு மணம், றப்பர் கருகுகிற மாதிரி. போய்ப் பார்த்தால் செல்லைத் தொட முடியவில்லை, டேப் உருகி வழிகிறது. வயரைப் பிடுங்கி, அடுப்படி இடுக்கியால் செல்லை இழுத்தெடுத்து, முற்றத்தில் கிடந்த வெறும் தயிர்ச் சட்டிக்குள் போட்டு மேலே மணலைக் கொட்டினேன். தீப்பிடிக்கவில்லை. அந்தச் சட்டி விடியும்வரை வேலியோரம் இருந்தது, யாரையும் கிட்டப் போக விடவில்லை. அதைப் படுக்கை அறையில் சார்ஜ் போட்டிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை குளிர்கிறது.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அண்ணன், விளையாட்டுச் சாமான்தானே, இதுக்கு இவ்வளவு கோவமா?" ஒரிஜினல் மோட்டர் எங்கே என்றால், கிடைக்கவில்லையாம், அதற்குச் சமனானதாம். பத்தாயிரத்தைத் திரும்பத் தந்தார், மிச்சம் மாதக் கடைசியில் என்றார். மாதக் கடைசியில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். வட்ஸ்அப்பில் வருவதாகச் சொன்ன பில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் எடுக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். "பார்ப்போம், தருவார்" என்று நான் இழுத்ததில் இரண்டரை மாதம் போய்விட்டது. பில் இல்லாததால் வங்கிச் சீட்டையும் அவருடைய குரல் பதிவுகளையும் வைத்து எழுதிக் கொடுத்தேன். நல்லகாலம், "ஒரிஜினல் லெகோ மோட்டர்" என்று அவர் தன் வாயாலேயே சொன்ன பதிவை அழிக்காமல் வைத்திருந்தேன். நீங்களும் அழிக்காதீர்கள்.

வேறு யாரிடமாவது கொடுக்க யோசித்தால், போடப் போகிற மோட்டரைப் பெட்டியோடு காட்டச் சொல்லுங்கள். உண்மையான லெகோ பாகத்தில் எங்காவது ஓர் இடுக்கில் பொடி எழுத்தில் லெகோ என்று அச்சாகியிருக்கும். குளூ ஒரு துளியும் படக்கூடாது என்று முன்னமே எழுத்தில் வாங்குங்கள். எடுக்கும்போது தரையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு மோட்டரையும் பற்றரியையும் தொட்டுப் பாருங்கள்.

கார் இப்போது ஐஸ்கிரீம் டப்பா ஆறில் இருக்கிறது. 73 துண்டு தேறாது என்று மகன் எண்ணி எழுதி வைத்திருக்கிறான். டிஃபரன்சியல், பின் அச்சு இரண்டு, கறுப்புப் பீம்கள்தான் கூட. யாரிடமாவது பழைய டெக்னிக் பாகங்கள் இருந்தால் விலைக்கு எடுக்கிறேன், சொல்லுங்கள்.

போன கிழமை அந்த விளம்பரம் புதுப் பெயரில் திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை சிவப்புக் கார் இல்லை. செம்மஞ்சள் போர்ஷே ஒன்று, கீழே சிவப்பும் பச்சையும் கரை வைத்த பன்பாய், மூலையில் மாமியின் கால் விரல் இரண்டு. அந்தப் படத்தைக் கண்டால் காசு போடாதீர்கள்.