பத்து வருடம், ஒரு சட்டி, ஒரு கத்தி, ஒரு தராசு: சமையல் கற்ற அனுபவம்

வாங்கி ஒரு மாதத்தில் எழுதப்படும் பாத்திர விமர்சனங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முதல் மாதத்தில் எந்தச் சட்டியும் ஒட்டாது, எந்தக் கத்தியும் வெட்டும். வீடு மாறி, கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், இத்தனைக்கும் நடுவில் அந்தப் பொருளைத் தினமும் கையில் எடுக்கிறோமா என்பதில்தான் அதன் லட்சணம் தெரியும். 2015-இல் தனியாகத் தங்க ஆரம்பித்தபோதுதான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அன்று வாங்கியவற்றில் இன்றும் புழங்குவது மூன்று: ஒரு வார்ப்பிரும்புச் சட்டி, ஒரு கத்தி, ஒரு டிஜிட்டல் தராசு. பிரஷர் குக்கர் நடுவில் வந்து சேர்ந்தது. இவற்றைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கூடவே வாழ்க்கையும் வந்துவிடுகிறது, ஏனென்றால் ஒவ்வொன்றின் அருமையும் எனக்கு ஒவ்வொரு காலத்தில்தான் புரிந்தது.

சட்டியில் தொடங்குகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. வார்ப்பிரும்பில் சூடு சீராகப் பரவும் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பு அலுமினியத்தைவிட வெகுவாகப் பின்தங்கியது, சின்ன பர்னரில் வைத்தால் நடுப்பகுதி புகையும்போது ஓரம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரும்பின் பலம் அதன் கனத்தில் இருக்கிறது. கனமான சட்டி ஒருமுறை சூடேறிவிட்டால் அந்தச் சூட்டைச் சட்டென்று விடாது, குளிர்ந்த காய்கறியை அள்ளிப் போட்டாலும் மெல்லிய பாத்திரம் மாதிரி துவண்டுபோகாது. அதனால் மிதமான தீயில், அவ்வப்போது திருப்பி வைத்து, பொறுமையாகச் சூடாக்க வேண்டும். அவசரத்துக்குப் பெரிய தீயில் வைப்பவர்களுக்கு இந்தச் சட்டி சரிப்படாது.

சமையல் எனக்குப் பிடிபட்டதே இந்தச் சட்டியில்தான். வெங்காயமோ உருளைக்கிழங்கோ பொன்னிறமாக மாறி அந்த வாசனை வருகிறதே, அது அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நடத்தும் வினை. 1912-இல் லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்த வினை வேகமெடுக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். அப்படியென்றால் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை எவ்வளவு தீ வைத்தாலும் நிறம் மாறாது, வேகும், அவ்வளவுதான். காயைத் துடைத்துப் போடு, சட்டியை நிரப்பாதே, உப்பு தண்ணீரை இழுக்கும் என்பதால் எப்போது போடுகிறாய் என்று யோசி என்று பெரியவர்கள் சொல்லும் அத்தனை அறிவுரைக்கும் அடியில் இந்த ஒரே காரணம் இருப்பது தெரிந்த பிறகு, செய்முறைக் குறிப்பு இல்லாமலே சமைக்கும் தைரியம் வந்தது. புது வேலை, புது ஊர், பேச ஆள் இல்லாத மாலைகள் என்று இருந்த அந்த நாட்களில் அந்தத் தைரியம் எனக்குப் பெரிய துணை.

உணவு ஒட்டாமல் இருக்கச் சட்டியைப் பழக்குவது பற்றி. எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவி, தடவியதையும் துடைத்தெடுப்பது போலத் துடைத்துவிட்டு, லேசாகப் புகை வரும்வரை சூடாக்கினால் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலம் ஆகிவிடும். தடிமனாகத் தடவினால் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் சிறந்தது என்று ஒரு காலத்தில் பெரிய பேச்சு இருந்தது, அது தரும் படலம் கடினமானதுதான், ஆனால் செதில் செதிலாக உரிந்துவிடுவதும் உண்டு. சமையலுக்கு வைத்திருக்கும் சாதாரண எண்ணெயே போதும். சோப்பு போடக் கூடாது என்பதும் பழைய காலத்துப் பேச்சு. காரத்தன்மை அதிகமான அந்தக்காலச் சோப்புக்கு அது பொருந்தும், இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் அந்தக் காரத்தன்மை கிடையாது, நன்றாகப் படிந்த படலத்தை அது எடுக்காது. ஊறப்போடுவதுதான் ஆகாது. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்துவிட வேண்டும்.

தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புள்ளவற்றை இதில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் படலம் கரையும், உணவில் இரும்பு வாடையும் ஏறும். மனைவி கருவுற்றிருந்தபோது ஹீமோகுளோபின் குறைவு என்றார்கள். இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் இரும்புச்சத்து கூடும் என்பது உண்மைதான், புளிப்பும் ஈரமும் உள்ளவற்றில் இன்னும் கூடும். ஆனால் எவ்வளவு கூடும் என்பது சட்டிக்குச் சட்டி, சமையலுக்குச் சமையல் மாறும். ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை தவறாமல் நடந்தது, சட்டி அதற்குப் பக்கத்துணை மட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சட்டியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உடலில் இரும்பு ஏற்கெனவே அதிகமாகச் சேரும் நோய் உள்ளவர்கள் இந்தச் சட்டியைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்ஸ்டிக் வேண்டாமா என்று கேட்பார்கள். ஒன்று வைத்திருக்கிறேன், முட்டைக்கு மட்டும். அதன் மேல்பூச்சான பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் என்று பலரும் அறிந்தது) 1938-இல் ராய் பிளங்கெட் என்பவர் கண்டுபிடித்தது. 260 டிகிரிக்கு மேல் போனால் அது சிதையத் தொடங்கும், காலிச் சட்டியைப் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. மிதமான தீக்கு நல்ல பாத்திரம், சில வருடத்தில் பூச்சு போய்விடும் என்று தெரிந்தே வாங்க வேண்டியது.

அடுத்து கத்தி. எட்டு அங்குலக் கத்தி ஒன்றே ஒன்று. செட்டாக வாங்காதீர்கள், அதில் பாதி மரப்பெட்டியிலேயே கிடக்கும். கத்தியைவிட முக்கியமான செலவு தீட்டுகல். 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) கல் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும், 15 முதல் 20 டிகிரி கோணத்தில் நிதானமாக இழுத்தால் கத்தியின் கூர் திரும்ப வந்துவிடும். கத்தி செட்டோடு வரும் இரும்புக் கம்பி வெட்டும் விளிம்பைத் தீட்டாது, மடங்கிய விளிம்பை நிமிர்த்தும், அவ்வளவுதான். மொட்டைக் கத்தி வெங்காயத்தை அறுப்பதற்குப் பதில் நசுக்குகிறது, செல்கள் அதிகம் உடைந்து கண்ணை எரிக்கும் வாயு அதிகம் கிளம்புகிறது. கூரான கத்தியில் கண்ணீர் நன்றாகவே குறையும். கண்ணாடி வெட்டுப்பலகை பார்க்க அழகு, ஆனால் கத்திக்கு எமன். மரம் அல்லது பிளாஸ்டிக் போதும். கல்யாணமான புதிதில் இரண்டு பக்க உறவுகளும் வீட்டுக்கு வந்த நாளில் ஒரு குவியல் காயை நான் ஒருவனே நறுக்கி முடித்தேன். என் சமையலை வீட்டார் நிஜமாக மதிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், எனக்கு அது பட்டம் வாங்கியதைவிடப் பெரிய சந்தோஷம்.

குக்கர் குழந்தையோடு வந்தது. தூக்கம் இல்லாத மாதங்களில் நேரம்தான் இல்லாத பொருள். 1679-இல் டெனிஸ் பாப்பன் செய்து காட்டிய அதே தத்துவம்தான் இன்றும், ஆவியை அடைத்து அழுத்தத்தை ஏற்றினால் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை போகும், வேகும் நேரம் பல மடங்கு குறையும். சிவப்புக் கிட்னி பீன்ஸ் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் வயிற்றைப் புரட்டிப்போடும் லெக்டின் என்ற புரதம் இருக்கிறது, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்தால்தான் அது அழியும். மெல்லிய சூட்டில் வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டால் அழியாது. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்கினோம். எங்கள் பாத்திரத்திலிருந்தே உப்பு போடும் முன் கொஞ்சம் எடுத்து மசித்துக் கொடுத்தோம், தனிச் சமையல் தேவைப்படவில்லை. ஒரு வயதுவரை தேன் மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்கவில்லை, பொட்டுலிசம் என்ற, பாக்டீரியா நச்சால் வரும் நோயின் ஆபத்து அதில் இருக்கிறது. குக்கரில் பராமரிப்பு என்று பார்த்தால் கேஸ்கெட், சேஃப்டி வால்வு இரண்டையும் காலம் தவறாமல் மாற்றுங்கள், மற்றபடி அது கேட்பது ஒன்றும் இல்லை.

அப்புறம் கொரோனா. எனக்கு வாசனை அடியோடு போய்விட்டது, திரும்ப வரப் பல மாதங்கள் ஆயின. சாப்பாட்டின் ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் வரும் சுவை), அவ்வளவுதான். மிளகாயின் காரம் நரம்பு உணரும் எரிச்சல் என்பதால் அது மட்டும் மிச்சம் இருந்தது. அந்த மாதங்களில் காதால் சமைத்தேன். ஈரம் இருக்கும்போது சட்டி படபடவென்று சத்தம் போடும், ஈரம் வற்ற வற்ற அது அடங்கி மெல்லிய பொரியும் சத்தமாக மாறும், நிறம் ஏறத் தொடங்குவது அப்போதுதான். இன்றும் அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்று வேறு வேலை பார்க்கும்போது அந்தச் சத்தம் மாறினால் கை தானாகத் தீயைக் குறைக்கப் போகிறது. கெட்டுப்போனதை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததால் டப்பாக்களில் தேதி எழுதி ஒட்டும் பழக்கமும் அப்போது வந்தது. மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் இருக்கும், வெளியில் கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

இந்தப் பட்டியலில் தராசைக் கடைசியில் வைத்தாலும் எனக்கு மிகவும் வேண்டியது அதுதான். ஆரம்பத்தில் மாவு நிறுக்கத்தான் வாங்கினேன். ஒரு கப் மாவை எப்படி அள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150 கிராமும் வரும். கப்பை நம்பி ரொட்டி சுட்டால் ஒரு நாள் போல் இன்னொரு நாள் வராததற்கு இதுதான் காரணம். சில வருடம் முன்பு அப்பா எங்களோடு வந்து தங்கினார், ரத்த அழுத்தம் அதிகம், உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சிட்டிகை, கைப்பிடி என்று போட்டால் அதைக் கணக்கிடவே முடியாது. அதனால் காலையில் வீட்டுக்கு மொத்தமாக ஒரு நாள் உப்பை நிறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுவேன், அன்றைக்குச் சமையல் முழுக்க அதிலிருந்துதான். ஊறுகாய், சாஸ், ரொட்டி போன்ற கடைப்பொருளில் உப்பு ஒளிந்திருக்கும் என்பதால் கிண்ணத்தின் அளவு 5 கிராம் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். ஒரேயடியாகக் குறைக்கவில்லை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக. நாக்கு பழகிக்கொள்ளும், அதற்கு அவகாசம் தர வேண்டும். எலுமிச்சைச் சாறும் நன்றாகச் சிவந்த வெங்காயமும் உப்பு விட்ட இடத்தைப் பெருமளவு நிரப்பின. "உங்களுக்கும் இதே உப்புதானா, இல்லை எனக்கு மட்டும் தனியாப் பண்றியா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். எல்லாருக்கும் ஒரே பாத்திரம்தான்பா என்றேன். தனக்காக யாரும் தனியாக மெனக்கெடவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி, அன்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பத்து வருடச் சமையலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

குறை என்று பார்த்தால், கத்தியிலும் தராசிலும் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தராசுக்கு பேட்டரி தீரும் முன் மாற்று ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சட்டியின் குறை எடை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஆனால் அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, இரண்டு கையாலும் பிடித்தால்கூட அதை அடுப்பிலிருந்து இறக்க முடிவதில்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் அலுமினியப் பாத்திரத்தில்தான் சமைக்கிறார். மூட்டு வலி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வார்ப்பிரும்பை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கார்பன் ஸ்டீலும் இதே மாதிரி பழக்கக்கூடியது, மெல்லிய தகடு என்பதால் எடையும் குறைவு, அம்மாவுக்காக அதில் சின்னதாக ஒன்று வாங்கப்போகிறேன்.